இலைதான் தழைக்கிறது, பூவைக் காணோம்! – கொடிப்பந்தல் கேள்வி பதில்

வீட்டில் மணக்கிற கொடி வளர்ப்பவர்கள் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களையெல்லாம் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். முல்லை, ஜாதிமல்லி என்று பெயர்தான் மாறுகிறது, பெரும்பாலான கடிதங்களில் ஒரே வருத்தம்: கொடி நன்றாக இருக்கிறது, பூதான் இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் இருபத்தாறு வருடமாக நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். ஏற்காட்டு மலை எங்கள் பண்ணைக்கு நேர் எதிரே நிற்கிறது. என் அம்மா வ.உ.சி. பூ மார்க்கெட்டில் பூக் கட்டி எங்களை வளர்த்தவர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே மொட்டைப் பார்த்துப் பூ பிரிக்கப் பழகிவிட்டேன். அதனால் பூ விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய முல்லை. காம்பவுண்டுச் சுவரில் கம்பி வலை அடித்து ஏற்றிவிட்டேன். இப்போது மாடிக் கைப்பிடிச் சுவர் வரை போய்விட்டது. இலை கொழுகொழுவென்று இருக்கிறது. பூ ஒரு நாளைக்கு ஐந்தாறு தேறினால் அதிகம், அதுவும் உச்சியில். மாதம் ஒரு கைப்பிடி யூரியா போடுகிறேன். இன்னும் என்ன உரம் போடலாம்?
– வாசகி, அழகாபுரம்

இனி எந்த உரமும் வேண்டாம் தங்கச்சி. போடுகிற யூரியாவையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைப்பிடி என்றால் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 600 கிராம் ஆகிறது. யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், ஆக நீங்கள் கொடுப்பது ஏறக்குறைய 276 கிராம். மல்லிகை வகைகளுக்கு ஒரு செடிக்கு ஒரு வருடத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ்). அதையும் இரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும். தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நாலு மடங்குக்கு மேல் கொடுத்து, மற்ற இரண்டையும் கொடுக்கவே இல்லை. கொடி இலையாகத்தான் வளரும், அதன் மேல் தப்பே இல்லை.

அடுத்தது வெயில். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது "அதுவும் உச்சியில்" என்ற இரண்டு சொல். மாடி உயரத்தில் மட்டும் பூக்கிறது என்றால் வெயில் அங்கேதான் விழுகிறது. கீழே பக்கத்து வீட்டுச் சுவரோ மாமரமோ மறைக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு, பதினொன்றுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு என்று நாலு தடவை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முல்லைக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நிழலில் முல்லை உயிரோடு இருக்கும், பூக்காது.

மூன்றாவதுதான் முக்கியமானது. மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது வெட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் வெட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முல்லை புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய தண்டு முற்றி மரமாகி, சும்மா இலையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வெட்டினால் துளிர், துளிர் வந்தால் மொட்டு. இது தெரியாமல்தான் பல வீடுகளில் கொடி பச்சைத் திரை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கும் இது ஒரு காலத்தில் தெரியாது. கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடம். நான் ஆசையாக ஏற்றிவிட்ட முல்லை கிணற்றடிப் பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது. பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். நான் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மாமனார் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்து, குப்பையை வேலியோரம் குவித்து வைத்திருக்கிறார். சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு இரண்டு கூடை மக்கிய எரு போட்டார், தண்ணீர் விட்டார். மாசியில் தூரிலிருந்து சிவந்த துளிர் கிளம்பியது. சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் மொட்டு பறித்து முறத்தில் கொட்டினேன், முறத்தின் அடி தெரியவில்லை. "இப்பப் பாரு கண்ணு" என்றார், அவ்வளவுதான். அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் கத்தரி எடுக்கிறது நான்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இப்போது புரட்டாசி, மழைக்காலம். இப்போது வெட்ட வேண்டாம். மார்கழியில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, வெட்டுவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். பொங்கல் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், அதாவது ஜனவரி கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மனசு வரவில்லையென்றால் தடிமனான இரண்டு தண்டை மட்டும் வலை மேல் விட்டு, அவற்றின் பக்கக் கிளைகளை ஒரு சாண் நீளத்துக்குக் கத்தரியுங்கள். காய்ந்தது, நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசுகிறது, எதையும் விடாதீர்கள். பிறகு தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் கொத்தி, பத்துக் கிலோ மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, இரண்டு கைப்பிடி எலும்புத்தூள் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். உங்கள் மண்ணில் தழைச்சத்து ஏற்கெனவே தேங்கியிருக்கிறது, அதனால் வரும் வருடம் யூரியா பக்கமே போக வேண்டாம்.

குண்டுமல்லி வைத்திருக்கிறவர்கள் நவம்பர் கடைசியிலும், ஜாதிமல்லி வைத்திருக்கிறவர்கள் டிசம்பர் கடைசியிலும் இதே வேலையைச் செய்யலாம். மூன்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பருவம் வேறு.

சார், வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போர்ட்டிகோ தூணில் ஏற்ற மணமுள்ள கொடி வேண்டும் என்று கேட்டு, "மல்லிக் கொடி" என்று கொடுத்ததை வாங்கி வைத்தேன். சாயங்காலம் வெள்ளையாகப் பூக்கிறது, மறுநாள் ரோஸ், அதற்கப்புறம் சிவப்பு. இது நோயா, இல்லை தண்ணீர்க் கோளாறா?
– வாசகர், சூரமங்கலம்

சார் இல்லை தம்பி, அக்கா. பரவாயில்லை.

நோயும் இல்லை, கோளாறும் இல்லை. உங்களிடம் இருப்பது ரங்கூன் மல்லி. பெயரில்தான் மல்லி, மல்லிகைக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சியைக் கூப்பிடும், பிறகு நிறம் மாறும், பகலில் வேறு பூச்சிகள் வரும். ராத்திரியில் இனிப்பான மணம் உண்டு. தூணுக்கும் கேட்டுக்கும் அருமையான கொடி, ஆனால் தலையில் வைக்கிற பூ இல்லை. இடமிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், அது முரட்டுக் கொடி, வருடம் ஒரு தடவை வெட்டாவிட்டால் மாடித் தண்ணீர்த் தொட்டி வரை போய்விடும்.

உங்களுக்கு உண்மையான மல்லிகைக் கொடிதான் வேண்டும் என்றால், வாங்கும்போது பூ இருக்காது, இலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குண்டுமல்லிக்குத் தனி இலை, எதிரெதிரே இரண்டிரண்டாக இருக்கும். அது பாதிப் புதர், பாதிக் கொடி. தூணில் தானாக ஏறாது, கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாதிமல்லிக்கு ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். தெற்கத்திக்காரர்கள் பிச்சி என்பது இதைத்தான். முல்லை இலை எனக்கு மிகவும் பிடிக்கும்: நடுவில் ஒரு இலை, அதன் காம்படியில் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள். முல்லையின் தாவரவியல் பெயரான ஆரிகுலேட்டம் என்பதற்கே காதுள்ளது என்றுதான் பொருள். நாற்றைக் கையில் எடுத்தவுடன் நான் அந்தக் காதைத்தான் தேடுவேன்.

நம் சேலம் பக்கத்தில் காக்கட்டான் என்ற மல்லிகை வகையை நிறையப் பயிரிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகப் பூக்கும், மாலைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் மணத்துக்காக அதை வாங்காதீர்கள், மணம் இல்லை. விற்கிறவர் சொல்லாவிட்டால் நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போர்ட்டிகோ தூணுக்கு என் தேர்வு முல்லை. மல்லிகைக் கொடிக்குப் பாகற்கொடி மாதிரிப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். சிமெண்டுத் தூணை அதனால் சுற்ற முடியாது. தூணுக்கு இரண்டு விரல் தள்ளி மெல்லிய கம்பியோ நைலான் கயிறோ மேலிருந்து கீழ் வரை இழுத்துக் கட்டுங்கள். முதல் ஒரு வருடம் நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும்.

எங்கள் வீட்டு ஜாதிமல்லியில் புதுசாக வருகிற இலையெல்லாம் மஞ்சளாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. சாணி, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். போர் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்.
– வாசகி, கருப்பூர்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாதிப் பதில் கிடைத்துவிட்டது அம்மா. கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் பூமிக்குள் வெள்ளைக்கல் ஓடுகிறது. மாக்னசைட் சுரங்கம் இருக்கிற மண். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணும் தண்ணீரும் காரத்தன்மையாகத்தான் இருக்கும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அண்டா நிறையச் சோறு இருந்து மூடி திறக்காத மாதிரி.

இரும்புச்சத்துக் குறை என்று எப்படி உறுதி செய்வது? தழைச்சத்து குறைந்தால் கீழே இருக்கிற பழைய இலை முதலில் வெளுக்கும், இலை முழுக்க ஒரே மாதிரி வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் நுனியில் இருக்கிற இளம் இலை முதலில் மஞ்சளாகும், நரம்பு பச்சையாகவே நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இரண்டாவது.

நல்ல எண்ணத்தோடு நீங்கள் போட்ட முட்டை ஓடும் சாம்பலும் இந்த மண்ணுக்கு ஆகாது. முட்டை ஓடு சுண்ணாம்பு, சாம்பல் காரம். இரண்டும் மண்ணை இன்னும் காரமாக்கும். ஏற்காட்டு மலையில் இருக்கிற புளிப்பு மண்ணுக்கு அவை நல்லது, உங்களுக்கு இல்லை. இனி போடாதீர்கள்.

உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) என்று கேளுங்கள். இளம்பச்சையாகக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். காவி நிறமாக மாறியிருந்தால் பழசு, வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட அரை மூடி எலுமிச்சைச் சாறு. போர் தண்ணீரில் கலக்காதீர்கள், மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அதில் கலக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் மேலும் அடியிலும் படுகிற மாதிரித் தெளியுங்கள். மண்ணில் போட்டால் உங்கள் மண் அதையும் பூட்டி வைத்துக்கொள்ளும், அதனால்தான் இலையில் தெளிக்கச் சொல்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாலு தடவை செய்தால் புதுத்துளிர் பச்சையாக வரும். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை விழும், கவனம்.

இது மருந்துதான், சாப்பாடு இல்லை. மண் மாற வேண்டும் என்றால் மக்கிய எருவும் இலைத்தழை மக்கும் வருடா வருடம் போட்டுக்கொண்டே வர வேண்டும். தூரைச் சுற்றித் தண்ணீர் தேங்கினாலும் இதே மஞ்சள் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணைச் சோதித்துவிட்டால் சந்தேகமே இல்லை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

நாங்கள் நாகலூரில் இருக்கிறோம். சேலத்திலிருந்து மூன்று தடவை குண்டுமல்லி நாற்று கொண்டுவந்து வைத்தோம். கார்த்திகை, மார்கழிப் பனியில் அப்படியே சுருண்டு நின்றுவிடுகிறது. மலையில் மல்லிகைக் கொடி வரவே வராதா?
– வாசகர், ஏற்காடு

வரும் ஐயா. ஆனால் கீழே இருக்கிற பூவை அப்படியே மேலே கொண்டுவர முடியாது. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டருக்குள்தான், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் ஏழு எட்டு டிகிரி வெப்பம் குறைந்துவிடுகிறது. குண்டுமல்லி சூட்டில் பிறந்து சூட்டில் பூக்கிற செடி. அதைப் பனியில் நிற்க வைத்தால் பாவம்.

உங்களுக்கு ஜாதிமல்லி சரியாக வரும். இமயமலை அடிவாரத்தில் தானாக வளர்கிற இனம் அது, குளிரைக் கொஞ்சம் தாங்கும். வைக்கிற இடம்தான் முக்கியம். மரநிழலில் வைக்காதீர்கள். காப்பிச் செடிக்கு சில்வர் ஓக் நிழல் வேண்டும், மல்லிக்கு வேண்டாம். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி வையுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அந்தச் சுவர் பகல் முழுக்க வெயிலை வாங்கி ராத்திரியில் கொஞ்சம் சூட்டைக் கொடுக்கும். கீழே டிசம்பர் கடைசியில் வெட்டுவதை நீங்கள் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். பனி போகாமல் வெட்டினால் இளந்துளிர் கருகும். மூடுபனி நாட்களில் இலையில் கரும்புள்ளி விழும். கொடியை நெருக்கமாகக் கட்டாமல் காற்றுப் போகிற மாதிரி விட்டால் பாதி குறையும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாலியாந்தம் என்று ஒரு மல்லிகைக் கொடி உண்டு. மொட்டு ரோஸ் நிறம், விரிந்தால் வெள்ளை, கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதற்கு மொட்டு வைக்கக் குளிர்ந்த ராத்திரி வேண்டும். சேலத்தில் நாங்கள் ஆசைப்பட்டாலும் பூக்க வைக்க முடியாது, உங்களால் முடியும். ஏற்காட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நாற்றுக்கு முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கோடை மழை ஒன்று விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் உங்கள் காப்பித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூக்குமே, அந்த மணம் மல்லிகைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அந்த நாட்களில் யாராவது ஏற்காடு போகிறார்கள் என்றால் வண்டியில் எனக்கும் ஒரு இடம் போடச் சொல்வேன்.

முல்லைக் கொடி வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் வைக்கவே விடமாட்டேன் என்கிறார். உண்மையா?
– வாசகி, அம்மாபேட்டை

மணத்துக்குப் பாம்பு வராது. பூ மணத்தால் அதற்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். வெட்டாத கொடி தூரில் அடைசலாக இருக்கும், ஈரமும் நிழலும் இருக்கும். தவளையும் எலியும் அங்கே ஒண்டும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை இலையில்லாமல் தண்டு தெரிகிற மாதிரி வைத்து, தூரில் செங்கல், தேங்காய் மட்டை, பழைய தொட்டி எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி வைப்பேன் என்று மாமியாரிடமே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

மொட்டு வைக்கிறது, விரிவதற்குள் அடி வீங்கி ஊதா நிறமாகிக் கருகிப் போகிறது. மருந்துக்கடையில் ஏதோ கடுமையான மருந்து கொடுத்தார்கள். தெளிக்கலாமா?
– வாசகர், வாழப்பாடி

வேண்டாம் தம்பி. குழந்தைகள் தலையில் வைக்கிற பூ. வீட்டுக்கொடிக்குக் கடுமையான மருந்து தேவையே இல்லை.

மொட்டின் அடி வீங்கி ஊதாவானால் அது மொட்டு ஈயின் வேலை. கொசுவை விடச் சின்ன ஈ மொட்டின் அடியில் முட்டை வைக்கும், புழு உள்ளே இருந்து தின்னும். மொட்டில் ஓட்டை இருந்து உள்ளே பச்சைப் புழு தெரிந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான். கெட்ட மொட்டு ஒன்று விடாமல் பறித்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டு அழித்துவிடுங்கள். குப்பையில் வீசாதீர்கள், அங்கிருந்தே திரும்பி வரும். பிறகு தூரைச் சுற்றி மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறிவிடுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும், கிளறினால் வெயிலில் காயும், மைனாவும் கொத்தும். இதை வாரம் ஒரு முறை ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். கூடவே 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைத்து, பூப் பறித்து முடித்த சாயங்காலத்தில் தெளியுங்கள்.

மாடியில் தொட்டியில் முல்லை வளருமா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

வளரும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறையாத தொட்டியாக இருக்கட்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு. சேலத்துச் சித்திரை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும், தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மண் மாற்றுங்கள்.

அக்கா, செவ்வாய்பேட்டையில் எங்கள் அம்மா வீடு. அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது, வீட்டில் இப்போது யாரும் இல்லை. பொங்கல் கழிந்ததும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். முற்றத்தில் அம்மா வைத்த ஜாதிமல்லி முப்பது வருடக் கொடி, அந்தப் பூவை அம்மா தெருவுக்கே கொடுப்பார். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனுக்கு அந்தக் கொடிப் பூதான் போகும். தூரோடு பெயர்த்து என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? ஆத்தூரில் இருக்கிற தங்கையும் கேட்கிறாள்.
– வாசகி, பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

முப்பது வருடத் தூரைப் பெயர்க்க வேண்டாம் அம்மா. வேர் பாதிக்கு மேல் அறுபடும், பெரும்பாலும் பிழைக்காது. பிழைக்கவில்லையென்றால் உங்கள் மனசு தாங்காது. ஆனால் கொடியை நீங்கள் இழக்கப் போவதில்லை. கிளையைக் கொடியோடு வைத்தே மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதுதான் பதியன். பதியன் போட்டால் வருவது அம்மா கொடியின் பிள்ளை இல்லை, அதே கொடிதான், அதே மணம். இன்றைக்குப் புரட்டாசி, பொங்கலுக்கு மூன்றரை மாதம் இருக்கிறது. பதியனுக்கு வேர் பிடிக்க மூன்று மாதம் வேண்டும். மழையும் நமக்குத் துணை. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்விடுங்கள்.

தரைக்குப் பக்கத்தில் இருக்கிற, பென்சில் தடிமனுள்ள, போன வருடத்துக் கிளையாகப் பாருங்கள். மூன்று கிளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி, அதில் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்பிக் கொடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கிளை வளைந்து தொட்டியைத் தொடுகிற இடத்தில் ஒரு கணு பார்த்து, கணுவுக்குக் கீழே சாய்வாக நாக்கு மாதிரி ஒரு வெட்டு. தண்டில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தீக்குச்சித் துண்டு செருகுங்கள். அந்த இடத்து இலைகளைக் கிள்ளிவிட்டு நாலு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்துகொள்ளும். நுனி ஒரு முழம் வெளியே இருக்கட்டும், அதைக் குச்சியில் கட்டிவிடுங்கள். ஜாதிமல்லியை வெட்டுகிற பருவம் டிசம்பர் கடைசி என்று மேலே எழுதினேன். இந்த வருடம் அந்தக் கொடியை வெட்ட வேண்டாம், தாய் தெம்பாக இருந்தால்தான் பதியனுக்குப் பால் போகும்.

வீட்டில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மழை இல்லாத நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் போக வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், உங்கள் அம்மா அந்தப் பூவைத் தெருவுக்கே கொடுத்தவர் என்கிறீர்களே, மறுக்க மாட்டார்கள்.

பாதுகாப்புக்கு இன்னொரு வேலையும் செய்யுங்கள். முக்கால் சாண் நீளத்தில், மூன்று நாலு கணு இருக்கிற மாதிரி இருபது குச்சி வெட்டி, கீழ் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஈர மணலில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கவர் மூடி நிழலில் வையுங்கள். இருபதில் ஐந்தாறு துளிர்த்தாலும் போதும்.

மார்கழிக் கடைசி வாரம் போய்க் கிளையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வரவில்லை, பிடித்துக்கொள்கிறது என்றால் வேர் விட்டுவிட்டது. தாய்க்கொடிப் பக்கம் பாதி மட்டும் அறுத்து, ஒரு வாரம் கழித்து மீதியை அறுங்கள். பிறகு தொட்டியோடு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் நிழலில் வைத்து, அப்புறம் வெயில் விழுகிற இடத்தில் குழி எடுத்து நடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஆத்தூர்த் தங்கைக்கு. மூன்றாவதும் பிடித்துவிட்டால், தினம் தண்ணீர் ஊற்றிய அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆடிப் பண்டிகைக்குப் பூ அதே தெருவிலிருந்து போகும்.